ஒரு நாள் கோழிக்குஞ்சை பார்சலில் வரவழைப்பது: வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடுங்கையூர், வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மொட்டைமாடியிலோ வீட்டுப் பின்பக்கத்திலோ கொஞ்சம் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பெரிய பண்ணைக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. எல்லாரும் முதலில் ரகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஆனால் குஞ்சு எத்தனை மணி நேரம் பெட்டிக்குள் இருக்கப்போகிறது, இறங்கிய முதல் ராத்திரி எங்கே படுக்கப்போகிறது என்ற இரண்டும்தான் அது பிழைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. பதில்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த குஞ்சை தண்ணீர், தீவனம் இல்லாமல் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்களே, செத்துப் போகாதா?

ஒழுங்காக அனுப்பினால் சாகாது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெளியே வருவதற்குச் சற்று முன்னால் மீதி இருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. அடைக்கோழி வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள், முதல் குஞ்சு வெளியே வந்த பிறகும் தாய் சீக்கிரம் எழுந்து போகாது, மற்ற முட்டைகளும் பொரியட்டும் என்று ஒரு நாள், ஒன்றரை நாள்கூட உட்கார்ந்திருக்கும், அதுவரைக்கும் முதலில் வந்த குஞ்சு எதையும் தின்னாமல்தான் இருக்கும். இந்த இயற்கை ஏற்பாட்டை நம்பித்தான் ஒரு நாள் குஞ்சு வியாபாரமே நடக்கிறது.

இதற்கு எல்லை 72 மணி நேரம் என்று சொல்வார்கள். இந்தக் கணக்கு பஸ் கிளம்பிய நேரத்தில் ஆரம்பிப்பதில்லை, குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த நேரத்தில் ஆரம்பிக்கிறது, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஹேச்சரியில், அதாவது மெஷினில் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கும் இடத்தில், எல்லாக் குஞ்சும் ஒரே நேரத்தில் பொரிவதும் இல்லை, முந்தியது பிந்தியது என்று பல மணி நேரம் வித்தியாசம் இருக்கும், அப்புறம் தரம் பிரிப்பது, ஊசி போடுவது, பெட்டியில் அடைப்பது எல்லாம் முடிய இன்னும் நேரம் போகும். அதனால் 72 என்பதை மறந்துவிட்டு, பொரித்ததிலிருந்து உங்கள் கைக்கு வர 36 மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் குஞ்சு பசியால் சாவதற்கு ரொம்ப முன்னாலேயே உடம்பில் நீர் வற்றிச் செத்துவிடும்.

விலங்குகள் போக்குவரத்து விதிகள், 1978 என்று ஒன்று இருக்கிறது, அதில் 2001-ல் கோழிகளுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். பொரித்த குஞ்சை உடனே பெட்டியில் அடைத்து அனுப்ப வேண்டும், அனுப்புவதற்கு முன்னால் பெட்டியிலேயே வைத்திருக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. ‘ரெண்டு நாள் ஸ்டாக் இருக்கு, நாளைக்கு அனுப்பட்டுமா’ என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் போஸ்ட் ஆபீஸிலேயே குஞ்சு வருகிறதாமே, இங்கே அப்படி வருமா?

அங்கே 1918 முதல் தபாலில் ஒரு நாள் குஞ்சை அனுப்புகிறார்கள், இன்றும் நடக்கிறது. வீடியோவில் பார்க்கும் அந்தச் சத்தம் போடும் அட்டைப்பெட்டி அதுதான். நம்மூரில் தபால்காரர் குஞ்சு கொண்டுவர மாட்டார். இங்கே பஸ் பார்சல், ரயில் பார்சல், இல்லாவிட்டால் ஹேச்சரியின் சொந்த வேன், இந்த மூன்றுதான். பஸ், ரயில் இரண்டிலும் வீட்டு வாசலுக்கு வராது, நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும்.

எங்கே போய் எடுப்பது?

பணம் அனுப்புவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. பல்லடம், உடுமலை, ஈரோடு, நாமக்கல் பக்கம்தான் ஹேச்சரிகள் அதிகம். அங்கிருந்து பஸ்ஸில் போட்டால் எந்த நிறுத்தத்தில் இறக்குவார்கள் என்பதை டிரைவர் நம்பரோடு வாங்கிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து தெற்கே இருந்து வரும் பல பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து திருவொற்றியூர் வர சுமார் 40 கிலோமீட்டர், காலை நேர நெரிசலில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த குஞ்சுக்கு அது இன்னொரு பயணம். மதுரவாயல் பக்கமோ கோயம்பேடு பக்கமோ இறக்குகிற பஸ்ஸாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள், கொஞ்சம் வற்புறுத்திக் கேட்டால் செய்வார்கள்.

நம் பக்கத்துக்கு ரயில் நல்ல வழி. ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ், கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸ் எல்லாம் ராத்திரி கிளம்பி விடிகாலையில் சென்ட்ரல் வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் வண்ணாரப்பேட்டையோ ராயபுரமோ வீடு வந்து சேர்ந்துவிடலாம். ஒரு சங்கடம் என்னவென்றால் பார்சல் ஆபீஸில் பெட்டியை விடுவிக்க நேரம் பிடிக்கும், ரசீது நம்பர் முந்தின ராத்திரியே உங்கள் போனில் இருக்க வேண்டும். ஐதராபாத், விஜயவாடா பக்கத்திலிருந்து வரவழைக்கிறவர்களுக்கு இன்னும் வசதி, ஆந்திரா, தெலங்கானா பஸ்கள் மாதவரம் பஸ் நிலையத்துக்கே வருகின்றன.

பைக்கில் எடுத்து வரும்போது பெட்டியை பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள். மழை வந்தாலும் போடாதீர்கள், ஆட்டோ பிடித்துவிடுங்கள். கவருக்குள் போனால் ஓட்டையெல்லாம் அடைபட்டுப் பத்து நிமிஷத்தில் மூச்சு முட்டிவிடும்.

எந்த மாதத்தில் ஆர்டர் போடலாம்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. என்னைக் கேட்டால் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் பார்சலே வேண்டாம். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம், பஸ் டிக்கியில் எஞ்சின் சூட்டோடு வந்து இறங்குகிற பெட்டியைத் திறந்து பார்க்க மனசு தாங்காது. அக்டோபர், நவம்பரில் சூடு பிரச்சினை இல்லை, ஆனால் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை மாதிரி தண்ணீர் நிற்கிற இடங்களில் கரன்ட்டும் போகும், குஞ்சுக்குக் கீழே பரப்பும் உமியும் ஈரமாகும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் மழை ஓய்ந்த பிறகு வரவழையுங்கள்.

குறைந்தது எத்தனை குஞ்சு எடுக்க வேண்டும்? எனக்கு பத்து போதும்.

குஞ்சுப் பெட்டி என்பது வழக்கமாக நான்கு அறை, அறைக்கு 25, மொத்தம் 100. வெயில் காலத்தில் அறைக்கு 20 என்று குறைத்து வைப்பார்கள். குளிர் ஊர்களில் அதிகமாக அனுப்பச் சொல்வதற்குக் காரணம், குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சூடு காத்துக்கொள்ளும் என்பது. சென்னைக்கு வரும் வழியில் குளிரைவிடச் சூடுதான் ஆபத்து, அதனால் பெட்டி நிறைய இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பத்து குஞ்சுக்காக எந்த ஹேச்சரியும் தனிப் பெட்டி போடாது. தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டி எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். அதற்கும் ஆள் இல்லையென்றால் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது என்னென்ன விசாரிக்க வேண்டும்?

எந்தத் தேதியில் பொரிக்கிறது என்று முதலில் கேளுங்கள். முட்டை மெஷினில் 21 நாள், அதனால் உண்மையாகவே ஹேச்சரி நடத்துகிறவருக்கு அடுத்த மூன்று வாரத்துக்கான தேதி விரல் நுனியில் இருக்கும். ‘எப்ப வேணும்னாலும் அனுப்பலாம் சார்’ என்று சொல்கிறவர் பெரும்பாலும் இடைத்தரகர். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, குஞ்சு அவர் கையில் எத்தனை நாள் இருந்தது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மேரக்ஸ் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். அது பொரித்த அன்றே ஹேச்சரியில் கழுத்துத் தோலுக்கு அடியில் போட வேண்டியது, நாம் வாங்கி வந்த பிறகு போட்டால் பெரிய பலன் இல்லை. வழியில் செத்தால் என்ன கணக்கு என்றும் முன்கூட்டியே பேசி வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெரிய ஹேச்சரிகளில் நூற்றுக்கு இரண்டு கூடுதலாக வைத்து அனுப்புவது வழக்கம், சாவுக் கணக்கு அதற்குள் அடங்கிவிடும்.

முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பாதீர்கள். அழகான கருங்கோழிக் குஞ்சு படம், பாதி விலை, ஜிபே நம்பர், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஏமாற்று வேலையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீடியோ காலில் மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

சரி, எந்த ரகம் எடுக்கலாம்?

இடம் குறைவாக இருக்கும் வீட்டுக்கு சிறுவிடை என்ற நாட்டுக்கோழி. உடம்பு சின்னது, தீவனம் குறைவு, தானே அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும், ஒரு முறை வாங்கினால் மறுபடி பார்சலுக்கு அலைய வேண்டியதில்லை. பெருவிடை, அசில் எல்லாம் பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் குதறிவிடும், தனித்தனிக் கூண்டுக்கு மொட்டைமாடியில் இடம் இருக்காது.

முட்டை அதிகம் வேண்டுமென்றால் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா நல்லது. அதே இடத்திலிருந்து வந்த வனராஜா முட்டைக்கும் கறிக்கும் சேர்த்து. நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கொண்டுவந்த நந்தனம் கோழியும் இருக்கிறது, அந்தப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் நம் மாதவரம் பால் பண்ணையில்தான் இருக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி விசாரிப்பதற்கு முன்னால் ஒரு நடை அங்கே போய், குஞ்சு எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். வடசென்னையில் இருப்பதால் நமக்குக் கிடைத்த பெரிய வசதி அது, பெரும்பாலானவர்களுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

கருங்கோழி, அதாவது மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதி கடக்நாத், 2018-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்தப் பெயருக்குத்தான் விலை. கலப்புக் குஞ்சைக் கருங்கோழி என்று விற்பது சகஜம், ஒரு நாள் குஞ்சில் கண்டுபிடிப்பதும் கஷ்டம். முதல் தடவை வளர்க்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிராய்லர் குஞ்சும் வேண்டாம், வீட்டுச் சூட்டைத் தாங்காது.

பெட்டைக் குஞ்சு மட்டும் அனுப்பச் சொல்லலாமா?

நாட்டுக்கோழியில் முடியாது. ஒரு நாள் குஞ்சின் பின்பக்கத்தைப் பிரித்துப் பார்த்து ஆண் பெண் சொல்லும் முறை ஜப்பானில் வந்தது, பயிற்சி எடுத்தவர்கள்தான் செய்ய முடியும், முட்டைக்கோழி ஹேச்சரிகளில் செய்கிறார்கள். நாட்டுக்கோழி ஹேச்சரியில் ‘பெட்டை மட்டும்’ என்று கூடுதல் விலை கேட்டால் நம்பாதீர்கள். பாதிக்குப் பாதி சேவல் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். மூன்று நான்கு மாதத்தில் சேவல்கள் விடிகாலை நாலு மணிக்குக் கூவ ஆரம்பிக்கும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அது பெரிய தகராறாகிவிடும். வீட்டு ஓனரிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் குஞ்சு வருவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

பெட்டி வந்து இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பார்சல்காரர் முன்னாலேயே மூடியைத் திறந்து போட்டோ எடுங்கள், செத்த கணக்குப் பேச அதுதான் சாட்சி. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகை மட்டும் தண்ணீரில் தொட்டு விடுங்கள், ஒன்று இரண்டு குடித்துப் பழகினால் மற்றதும் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீர், ஐஸ் தண்ணீர் கூடாது. கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸோ கலந்திருக்கலாம், முதல் சில மணி நேரத்துக்கு அது போதும். தட்டு ஆழமாக இருந்தால் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் விழுந்து நனைந்தே செத்துவிடும்.

தண்ணீர் காட்டும்போதே குஞ்சைப் பாருங்கள். தொப்புள் மூடி உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாகவோ கறுத்தோ வீங்கியோ இருந்தால் அது ஹேச்சரியிலேயே தொற்று வாங்கி வந்த குஞ்சு, தனியாக வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் நல்ல குஞ்சு உடனே புரண்டு எழுந்து நின்றுவிடும்.

புரூடர், அதாவது தாய்க்கோழிக்குப் பதிலாகக் குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் இடம், எப்படி அமைப்பது?

குஞ்சு வருவதற்கு முந்தின ராத்திரியே அமைத்து, பல்பைப் போட்டு, சூடாக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒயர் தேடுவது நடக்கக்கூடாது. தகடோ கெட்டி அட்டையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக நிறுத்துங்கள். சதுரமாக வைத்தால் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடும். கீழே இரண்டு அங்குலம் உமி. செங்குன்றம் பக்கம் ரைஸ் மில் நிறைய, மூட்டையாகவே வாங்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு மூன்று நாள் உமிமேல் சாக்கு விரியுங்கள், உமியைத் தின்னாமல் இருக்கும். வழவழப்பான பேப்பர் மட்டும் விரித்தால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோய் நொண்டியாகிவிடும்.

சூடு, முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு 5 பாரன்ஹீட் குறைக்க வேண்டும். குஞ்சுக்கு இரண்டு வாட் என்று கணக்கு வைத்தால் 25 குஞ்சுக்கு ஒரு 60 வாட் பல்பு சரியாக இருக்கும். பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது எல்இடி மாட்டிவிட்டு ராத்திரி போன் செய்கிறார்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் அப்படியே சென்னைக்குப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். ஷீட் போட்ட மாடியில் மார்ச் மாத மதியம் பல்பே தேவைப்படாது, பல்பு எரிந்தால் வெந்துவிடும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பார்த்தாலே தெரியும். பல்புக்குக் கீழே குவிந்து கத்தினால் குளிர். பல்பை விட்டு ஓரத்துக்குப் போய் இறக்கையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று அடிக்கிறது. அங்கங்கே பரவிப் படுத்து, லேசாகக் கீச்சுக் கீச்சென்று சத்தம் கொடுத்தால் நீங்கள் தூங்கப் போகலாம். ராத்திரி இரண்டு மணி வாக்கில் ஒருமுறை எழுந்து பாருங்கள், குறைந்தது முதல் வாரம்.

கரன்ட் போனால்?

வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள், மேலே சாக்கைப் பாதி மூடுங்கள். அடுப்புக்கரி வைத்த சட்டியை மூடிய அறையில் வைக்காதீர்கள், அந்தப் புகையில் குஞ்சு மட்டும் இல்லை, வீட்டில் தூங்குகிறவர்களும் செத்துப்போவார்கள்.

என்ன தீவனம்?

தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து உடைத்த மக்காச்சோள ரவை, அப்புறம் கடையில் விற்கும் குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர். முதல் இரண்டு மாதம் அதையே கொடுங்கள். மீதி சோறு, அரிசி மட்டும் போட்டால் புரதம் போதாமல் இறக்கை தொங்கிவிடும். காசிமேட்டிலிருந்து மீன் கழிவு சும்மா கிடைக்கிறதே என்று கேட்பார்கள், குஞ்சுக்கு வேண்டாம், உப்பும் அழுகலும் சேர்ந்து கழிச்சலில் கொண்டுவிடும்.

தடுப்பூசி கட்டாயமா?

கட்டாயம். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் வந்தால் ஒரு வாரத்தில் கூண்டே காலியாகிவிடும், வந்த பிறகு மருந்து கிடையாது. ராணிக்கெட்டுக்கு ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 14-ம் நாள் வாக்கில் கம்போரோ என்ற இன்னொரு நோய்க்கான மருந்து, 28-ம் நாள் வாக்கில் மறுபடி ராணிக்கெட்டுக்கு லசோட்டா என்ற மருந்து, எட்டாவது வாரம் அதற்கே இறக்கையில் ஊசி. தேதியை உங்கள் பகுதி கால்நடை மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன அளவில் வளர்க்கிறவர்களுக்கு இருக்கும் சிக்கல், மருந்துக் குப்பி 100 டோஸ், 200 டோஸ் என்றுதான் வரும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மீதியை பிரிட்ஜில் வைத்து நாளைக்குப் போடக்கூடாது. அதனால் ஒரு ஏரியாவில் வளர்க்கிறவர்கள் எல்லாம் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். கடையிலிருந்து ஐஸோடு எடுத்து வாருங்கள். குஞ்சு சோர்ந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். மூன்றாவது வாரத்துக்கு மேல் கழிச்சலில் ரத்தம் தெரிந்தால் அது ஈர உமியால் வரும் ரத்தக் கழிச்சல், அதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் அன்றைக்கே போக வேண்டும்.

கோயில் திருவிழாவில் விற்கும் கலர் குஞ்சு இந்த மாதிரிதானா?

அவை முட்டைக்கோழி ஹேச்சரிகளில் ஒதுக்கப்பட்ட ஆண் குஞ்சுகள், சாயம் முக்கி விற்கிறார்கள். பெரும்பாலும் மேரக்ஸ் ஊசி போட்டிருக்காது, புரூடர் சூட்டையும் பார்த்திருக்காது, வெயிலில் கூடையில் நாள் முழுக்க இருக்கும். குழந்தை அழுகிறது என்று வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் செத்து, குழந்தை இன்னும் அதிகமாக அழும். பரிதாபப்பட்டு வாங்குவதும் வேண்டாம், வாங்க வாங்க இன்னும் கொண்டுவருவார்கள்.

பெருச்சாளி, பூனை, காக்கா தொல்லைக்கு என்ன செய்வது?

கோழிவலை போதாது, அதன் ஓட்டையில் பெருச்சாளி கை விட்டு இழுக்கும். அரை அங்குல வெல்டு மெஷ் போடுங்கள், தரைப்பக்கமும் சேர்த்து. பகலில் காக்கா, பருந்து, துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் ரொம்ப அதிகம், மேலே மூடாமல் ஒரு நிமிஷம்கூட விடாதீர்கள். குழந்தைகள் குஞ்சைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி நல்ல குஞ்சிலும் இருக்கும். முத்தம் கொடுக்க விடாதீர்கள்.

பத்து குஞ்சுதான் வேண்டும், ராத்திரி முழித்துப் பார்க்கவும் முடியாது. என்ன செய்யலாம்?

அப்படியென்றால் ஒரு நாள் குஞ்சு வேண்டாம். 30 நாள் ஆன குஞ்சு வாங்குங்கள். விலை மூன்று நாலு மடங்கு இருக்கும், ஆனால் பல்புக் கட்டம் தாண்டியிருக்கும், முதல் தடுப்பூசிகள் முடிந்திருக்கும், ரோமம் முளைத்திருக்கும், ஒரு நாள் குஞ்சில் சாகிற கணக்கையும் கரன்ட் செலவையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இருக்காது. தடுப்பூசி போட்ட தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நேரில் போய்ப் பார்த்து, காலையில் வாங்கி வெயிலுக்கு முன்னால் வந்துவிடலாம்.

இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. அடைக்கு உட்காரும் ஒரு சிறுவிடைக் கோழியை வாங்கி, சேவலோடு இருந்த கோழியின் முட்டை பத்துப் பன்னிரண்டு வாங்கி வையுங்கள். பல்பு, தெர்மாமீட்டர், ராத்திரி முழிப்பு எல்லாவற்றையும் அந்தத் தாய்க்கோழி பார்த்துக்கொள்ளும். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, பிரிட்ஜில் வைத்த முட்டையும் ஆகாது.